சைக்கிளுக்கு டைனமோ லைட்டா, பேட்டரி லைட்டா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங், சுங்கை டுவா பக்கமிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும், பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கும் சைக்கிளிலேயே வேலைக்குப் போகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். சங்கிலி, பிரேக் பற்றிக் கேட்பதைவிட முன்விளக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ரோடு முழுக்கத் தெருவிளக்கு இருக்கே, சைக்கிளுக்கு லைட் அவசியமா?

அவசியம். பினாங்கில் வருடத்தின் எந்த நாளிலும் காலை 7 மணிக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் 7:30-ஐயும் தாண்டிவிடும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டதன் விளைவு இது. ஆகவே 7 மணி ஷிப்டுக்குப் போகிறவர் வருடம் முழுக்க இருட்டில்தான் மிதிக்கிறார். மாலையில் நவம்பர் வாக்கில் 7 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 7:35 வரை இருக்கும்.

தெருவிளக்கு ரோட்டைக் காட்டும், உங்களைக் காட்டாது. சின்ன லோரோங்கிலிருந்து தலையை நீட்டும் காரும், ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்கப்போகும் டிரைவரும் கண்ணாடியில் தேடுவது நகர்ந்து வரும் வெள்ளை வெளிச்சத்தைத்தான். டவுனுக்குள் முன்விளக்கின் முதல் வேலை நம்மைப் பிறர் கண்ணில் படவைப்பது. பத்து ஃபெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் போகும் வளைவுகளிலும் பாலிக் புலாவிலும் குழியையும் மணலையும் நாம் பார்க்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்துகொள்ளும். எது உங்கள் பாதை என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

டைனமோன்னா டயர்ல உரசுமே, அந்தக் குப்பி மாதிரி சாமான்தானே?

அது ஒரு வகை. டயரின் பக்கவாட்டில் சின்ன உருளை உரசிச் சுழல்வது குப்பி டைனமோ. இன்னொரு வகை முன்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே காந்தமும் கம்பிச்சுருளும் வைத்தது, அதை ஹப் டைனமோ என்கிறோம். சக்கரம் சுற்றினால் காந்தமும் சுற்றும், கரண்ட் வரும், உரசல் எதுவும் கிடையாது. இது புதிய சாமானும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936-லேயே டைனோஹப் என்ற பெயரில் விற்கத் தொடங்கிவிட்டது.

இன்றைய டைனமோக்களின் பொது அளவு 6 வோல்ட், 3 வாட். கரண்ட் ஏறக்குறைய அரை ஆம்பியர். வேகம் கூடினாலும் கரண்ட் பெரிதாகக் கூடாது என்பது இதன் குணம், பின்னால் ஒரு பதிலுக்கு இது தேவைப்படும். கீழே சும்மா ‘டைனமோ’ என்று சொன்னால் ஹப் டைனமோவையே சொல்கிறேன்.

டைனமோ போட்டா மிதிக்கக் கனமா இருக்குமா?

இருக்கும், ஆனால் உணர்வது கடினம். 3 வாட் வெளிச்சத்துக்கு நல்ல ஹப் டைனமோ உங்கள் காலிலிருந்து சுமார் 6 வாட் எடுக்கும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றேகால் மீட்டர் மேடு கூடுதலாக ஏறுவதற்குச் சமம். பத்து கிலோமீட்டர் போகிறவருக்கு 12 மீட்டர் வரும். டயரில் காற்று குறைந்திருந்தால் இதைவிட அதிகம் தின்னும். டைனமோ இழுக்கிறது என்று என்னிடம் வந்தவர்களின் டயரை முதலில் அமுக்கிப் பார்ப்பேன்.

குப்பி டைனமோ வேறு கதை. உரசலிலேயே பாதிச் சக்தி வீணாகும், சத்தமும் போடும். கனம் என்ற பெயர் டைனமோவுக்கு வந்ததே அதனால்தான்.

லைட்டை அணைச்சு வச்சாலும் இழுத்துக்கிட்டே இருக்குமா?

உள்ளே காந்தம் எப்போதும் இருப்பதால் கொஞ்சம் இழுக்கும், சுமார் ஒரு வாட். கடையில் ஹப்பின் அச்சைக் கையால் திருகிப் பார்த்தால் கட்டுக்கட்டாக, தடங்கித் தடங்கிச் சுற்றும். பலர் அதைப் பார்த்ததும் பழுது என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். விரலுக்கு அப்படித்தான் தெரியும். ஓடும் சக்கரத்தின் வேகத்தில் அந்தத் தடங்கல் காணாமல் போய்விடும். ஆகவே பகலிலும் லைட்டை எரியவிடுங்கள், மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

சிக்னல்ல நின்னா டைனமோ லைட் அணைஞ்சிடுமே?

பழைய பல்பு லைட் அணைந்துவிடும். இப்போதைய எல்இடி லைட்டுகளில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. ஓடும்போது நிரம்பி, நின்றபின் சில நிமிடங்கள் மங்கலாக எரியவைக்கும். ரோட்டைப் பார்க்க அது போதாது, பிறர் உங்களைப் பார்க்கப் போதும். வாங்கும்போது முன்லைட், பின்லைட் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வலதுபுறம் திரும்ப நடு ரோட்டில் காத்து நிற்கும்போது பின்லைட்தான் காப்பாற்றுவது.

மெதுவாக மிதித்தால் எரியுமா என்பதும் இதோடு சேர்ந்தே வரும் கேள்வி. நடக்கும் வேகத்திலேயே எல்இடி எரியத் தொடங்கும், மணிக்கு 10 கிலோமீட்டரில் பயன்படும் வெளிச்சம் வரும், 15-ல் முழு வெளிச்சம். நீண்ட மேட்டில் 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும் இது குறைதான்.

மழையில எது தாங்கும்?

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாத மழையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். முதலில் குப்பி டைனமோவைக் கழித்துவிடுங்கள். டயர் நனைந்ததும் உருளை வழுக்கும், லைட் மின்னி மின்னி அணையும். வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிற சாமானை நம் ஊரில் தினசரி வேலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் உருளைக்கு ரப்பர் உறை போட்டு, குப்பியின் அச்சு சக்கரத்தின் நடுமையத்தை நேராகப் பார்க்கும்படி திருப்பி இறுக்கினால் வழுக்கல் கொஞ்சம் குறையும்.

ஹப் டைனமோவுக்கு மழை ஒரு பொருட்டல்ல. வெள்ளம்தான் பகை. ஜாலான் பி. ரம்லி போலத் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஹப் முங்கும் அளவுக்கு இறக்காதீர்கள். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். அதற்கப்புறம் பேரிங் துருப்பிடிப்பது சில மாதக் கதை.

பேட்டரி லைட் வாங்கினால், எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் (IPX) எண்ணைப் பாருங்கள். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 6 என்றால் பலமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். நம் மழைக்கு 6 நல்லது. அந்த எண் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கும்வரைதான் செல்லும். மூடி தளர்ந்துபோன லைட்டை, துளை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.

மழை பெய்யும்போது லைட் நல்லா எரிஞ்சாலும் ரோடு கறுப்பாவே தெரியுதே, லைட் பழுதா?

பழுதில்லை. காய்ந்த தார் ரோடு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும். நனைந்த ரோடு கண்ணாடியாகி வெளிச்சத்தை முன்னாலேயே தள்ளிவிடும். இரண்டு மடங்கு லைட் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது, எதிரே வருகிறவருக்குத்தான் கண் கூசும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

ஷாப்பியில ரெண்டாயிரம் லூமன்னு போட்டிருக்கான், டைனமோவுல அவ்வளவு வராதே?

வராது, வரவும் வேண்டாம். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும் லைட்டில் பாதி வெளிச்சம் ஆங்சானா மரக்கிளைக்கும் எதிரே வரும் மோட்டார்காரர் கண்ணுக்கும் போகிறது. கண் கூசிய மோட்டார்காரர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாருக்குத் தெரியும்?

லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. கார் ஹெட்லைட் போல மேல்விளிம்பு வெட்டிய ஒளிக்கற்றை உள்ள லைட் 3 வாட்டிலேயே ரோட்டை நன்றாகக் காட்டும். ஜெர்மன் சாலை விதி இப்படிப்பட்ட லைட்டைத்தான் அனுமதிக்கிறது. அதனால் எஸ்டிவிஇசட்ஓ (StVZO) என்று அந்த விதியின் பெயரைப் போட்டுத் தேடினால் டைனமோவிலும் பேட்டரியிலும் நல்லவை கிடைக்கும். அந்தச் சைக்கிள் லைட்டுகளின் ஒளி இடமும் வலமும் ஒரே மாதிரி விழுவதால் இடப்பக்கம் ஓட்டும் நமக்கும் பொருந்தும். டவுனுக்கு 30, 40 லக்ஸ் போதும், விளக்கில்லாத ரோட்டுக்கு 60-க்கு மேல் பாருங்கள். டைனமோவா பேட்டரியா என்பதைவிட இந்த ஒளிக்கற்றைதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். மற்றதெல்லாம் வசதியைப் பொறுத்தது.

மாட்டியதும் சுவருக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி, ஆள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஒளியின் மேல்விளிம்பு லைட்டின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும்.

அப்போ நான் எதைத்தான் வாங்கட்டும்?

ஒரே சைக்கிள், வாரம் ஐந்தாறு நாள், போகவரவோ ஒரு வழியோ இருட்டு என்றால் ஹப் டைனமோ. லைட் சைக்கிளோடு போல்ட் போட்டு இருக்கும். சார்ஜ் போட மறக்க வழியில்லை, கழற்றி எடுத்துப்போக வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவருக்கு அந்த நிம்மதி பெரிது. செலவு அதிகம்தான். ஹப், லைட் இரண்டோடு முன்சக்கரத்தைப் புதிதாகக் கட்டும் கூலியும் சேரும். சக்கரம் கட்டத் தெரிந்த கடையை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு ஹப்பை வாங்குங்கள்.

பயணம் சிறிது, இருட்டில் போவது எப்போதாவது, அல்லது வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் என்றால் பேட்டரி லைட்டே போதும். ஒன்றைக் கழற்றி அடுத்ததில் மாட்டலாம். எதை வாங்கினாலும் சின்னப் பேட்டரி லைட் ஒன்று பையில் கிடக்கட்டும்.

ஜெர்மனியில டைனமோதான் சட்டமாமே? அப்போ அதுதானே ஒஸ்தி?

2013 வரை அங்கே சாதாரண சைக்கிளுக்கு டைனமோ கட்டாயமாக இருந்தது. அந்த ஆண்டு விதியை மாற்றிப் பேட்டரி லைட்டையும் அனுமதித்துவிட்டார்கள். எல்இடியும் லித்தியம் பேட்டரியும் நம்பகமாகிவிட்டதே காரணம். சட்டத்தைக் காட்டி டைனமோதான் உயர்வு என்று இப்போது சொல்ல முடியாது.

பெட்டியில போட்டிருக்கிற மணி நேரத்தை நம்பலாமா?

நீங்களே கணக்குப் போடுங்கள். பெரும்பாலான லைட்டில் 18650 என்னும் லித்தியம் செல் இருக்கும், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். 3000 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட் என்றால் சுமார் 10.8 வாட் மணி. 4 வாட் இழுக்கும் அளவில் வைத்தால் இரண்டரை மணி நேரம். பெட்டியில் பத்து மணி என்றிருந்தால் அது மிகக் குறைந்த வெளிச்சத்துக்கோ மினுக்கும் நிலைக்கோ உரிய எண். ஒரே ஒரு 18650 செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், அந்த உருவத்துக்குள் அவ்வளவு அடங்காது. அந்தக் கடையில் வேறெதையும் வாங்காதீர்கள்.

சில நூறு முறை சார்ஜ் ஏறினால் செல்லின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு அது ஒன்றரை வருடத்துக்குள் தெரிந்துவிடும். செல்லை மாற்றக்கூடிய லைட் என்றால் செல்லோடு முடிந்தது செலவு.

வெயில்ல நிக்கிற சைக்கிள்ல லைட்டை விட்டுட்டுப் போகலாமா?

பேட்டரி லைட்டை விடாதீர்கள். தொழிற்சாலையின் கூரையில்லாத சைக்கிள் நிறுத்தத்தில் நாள் முழுக்க வெயில் பட்டால் லித்தியம் செல் சீக்கிரம் கிழடாகும், மோசமான செல் வீங்கும். திருட்டு வேறு. ரப்பர் பட்டையில் மாட்டிய லைட்டை எடுக்க இரண்டு நொடி போதும். கழற்றி லாக்கரில் வையுங்கள். வெயிலில் சூடான லைட்டை உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள்.

என்னோடது மடக்கு சைக்கிள், ஃபெரியில கொண்டு வர்றேன். டைனமோ மாட்ட முடியுமா?

முடியும், ஆனால் ஹப்பின் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். சாதாரண முன்ஃபோர்க்கில் 100 மில்லிமீட்டர். டாஹோன், பிராம்ப்டன் போன்ற மடக்கு சைக்கிள்களில் 74. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிஸ்க் பிரேக் இருந்தால் அதற்கேற்ற ஹப் வேண்டும்.

சின்னச் சக்கரத்தில் ஒரு நன்மை உண்டு. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர், பெரிய சக்கரத்துக்கு 2.1. அதே வேகத்தில் சின்னது அதிகம் சுற்றுவதால் மெதுவாகப் போகும்போதும் லைட் நன்றாக எரியும். சிக்கல் வயரில்தான். மடிக்கும் மூட்டில் தினமும் வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோகும். பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் ஃபெரியை நம்பித் தினமும் மடித்து விரிக்கிறவருக்குப் பேட்டரி லைட்தான் என் சிபாரிசு.

மினுக்குற மோடு வச்சாத்தானே நல்லாத் தெரியும்?

பகலில் சரி. இரவில் மினுக்கும் முன்விளக்கை வைத்து நீங்கள் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறீர்கள் என்று கணிப்பது எதிரே வருகிறவருக்குக் கஷ்டம். நிலையாக எரியவிடுங்கள்.

தாத்தாவோட பழைய ராலே வீட்டுல இருக்கு. அதுல இருக்கிற டைனோஹப் இன்னும் எரியுமா?

பெரும்பாலும் எரியும். டைனோஹப் 1984 வரை தயாரானது. கடைசிக் கால மாதிரிகள் 6 வோல்ட், 2 வாட். பல்பைத் தூக்கிவிட்டு எல்இடி லைட் மாட்டினால் அன்று எரிந்ததைவிட நன்றாக எரியும். வயரை மட்டும் புதிதாக இழுங்கள், அந்தக் காலத்து ரப்பர் உறை தொட்டாலே உதிரும்.

சுத்தம் செய்கிறேன் என்று ஹப்பைப் பிரித்துக் காந்த வளையத்தை நடுவிலிருக்கும் கம்பிச்சுருளிலிருந்து வெளியே இழுத்துவிடாதீர்கள். அந்தக் காலக் காந்தம் இரும்புத் துணையை விட்டுப் பிரிந்த நொடியே பலம் இழக்கும். மறுபடி பொருத்தினாலும் பழைய வெளிச்சம் வராது. இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்து, சேர்த்தே வையுங்கள். தெரியாத கடையில் கொடுப்பதானால் இதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

டைனமோவுல கைப்பேசிக்குச் சார்ஜ் ஏத்தலாமா?

அதற்கென்று யூஎஸ்பி மாற்றிகள் இருக்கின்றன. கிடைப்பது இரண்டு, மூன்று வாட். அரை மணி நேரப் பயணத்தில் பெரிதாக ஏறாது. லைட்டோடு சேர்த்துப் போட்டால் லைட் மங்கும். தினசரி வேலைக்குப் போகிறவருக்கு இது தேவையில்லை.

ஹப் டைனமோ போட்டு ஆறு மாசந்தான் ஆச்சு, இப்போ விட்டுவிட்டு எரியுது. டைனமோ போச்சா?

டைனமோ போவது அபூர்வம். வயரைப் பாருங்கள். ஷிமானோ ஹப்பில் அச்சின் முனையில் சின்னப் பிளாஸ்டிக் செருகி இருக்கும். அதற்குள் உறை உரித்த இரண்டு செப்புக் கம்பிகள் முறுக்கி வளைத்து, ஆளுக்கொரு காடியில் படுத்திருக்கும், மேலே மூடி அழுத்தியிருக்கும். செருகியை இழுத்து மூடியைத் திறந்தால் கம்பி பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். கரையோரமாகவே மிதித்துப் போகிறவர்களின் சைக்கிளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், உப்புக்காற்று செய்கிற வேலை. பச்சையை வெட்டிவிட்டு, புதிதாக ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, முறுக்கி, துளி வேஸ்லின் தடவி மூடுங்கள்.

ஒரு கம்பியின் மயிரிழை பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் லைட் அணையும். அதனால் டைனமோ கருகிவிடாது. கரண்ட் அரை ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடும் என்று இரண்டாவது பதிலில் சொன்னதுதான் காரணம். பிரித்துவிட்டால் மறுபடி எரியும். குப்பி டைனமோவில் என்றால், ஒற்றை வயர் போய்ச் சட்டத்தின் இரும்பு வழியாகக் கரண்ட் திரும்பும். புதுப் பெயின்ட் அடித்த சைக்கிளில் பெயின்ட் அதைத் தடுக்கும். பிடிப்பில் உள்ள கூர் திருகு பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடும்வரை இறுக்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, முன்லைட் எரிந்து பின்லைட் மட்டும் எரியவில்லை என்றால், பின்சக்கர மட்கார்டின் உள்பக்கம் வயர் போகும் இடத்தைத் தடவிப் பாருங்கள். டயர் உரசி அறுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய லைட்டோட பேட்டரி வீங்கிடுச்சு, குப்பையில போடலாமா?

போடாதீர்கள். குப்பை லோரி அமுக்கும்போது லித்தியம் செல் தீப்பிடிக்கும். மலேசியாவில் மின்னணுக் கழிவு தனியாகக் கையாள வேண்டிய அட்டவணைக் கழிவு. பேரங்காடிகளிலும் மின்சாதனக் கடைகளிலும் அதற்கான சேகரிப்புப் பெட்டிகள் உண்டு. அங்கே கொண்டுபோகும்வரை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். கடைசியாக ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.